ஓட்டத்துக்கு ஈக்வேஷன் எழுதிய ஏ.வி. ஹில்

உங்கள் கையில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதா? இல்லாவிட்டால் பக்கத்து ரூம் நண்பன் கையில் நிச்சயம் ஒன்று இருக்கும். ஹார்ட் ரேட், ஸ்டெப் கவுண்ட் எல்லாம் தாண்டி அதில் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்க. விஓ2 மேக்ஸ் என்று ஒரு எண் காட்டும். 38, 42, 51 என்று ஏதோ ஒன்று. நல்ல எண்ணாக இருந்தால் ஸ்டேட்டஸ் போடுவோம், இல்லாவிட்டால் நைசாக மூடிவிடுவோம். உங்கள் உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் அந்த எண். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கு.

வாட்ச் இதை அளக்கவில்லை. இதயத் துடிப்பையும் வேகத்தையும் வைத்து ஊகம் பண்ணுகிறது, அவ்ளோதான். இதை உண்மையாகவே அளக்கப் புறப்பட்ட ஒருவர் சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் மான்செஸ்டரில் இருந்தார். முதுகில் ஒரு பெரிய பையைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, புல்தரையில் வட்டம் வட்டமாக ஓடினார். வயசு முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. உடலியங்கியல் பேராசிரியர். ஆனால் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. படித்தது கணக்கு!

ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் என்பது முழுப்பெயர். அந்தப் பெயர் அவருக்கே பிடிக்காது. அதனால் வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் ஏ.வி.தான். நாமும் ஹில் என்றே வைத்துக்கொள்வோம். இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் என்று பல்கலைக்கழகங்களில் மூன்று நான்கு வருடம் உட்கார்ந்து படிக்கிறார்களே, அந்தப் படிப்பின் முதல் செமஸ்டரிலேயே இவர் பெயர் வந்துவிடும். கடைசி செமஸ்டர் வரை போகாது.

1886 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். அப்பா மரவியாபாரி. ஹில்லுக்கு மூன்று வயது இருக்கும்போதே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா ஏடாதான் இவரையும் தங்கையையும் தனியாக வளர்த்தார். வீட்டில் காசு இல்லை, ஸ்காலர்ஷிப் கிடைத்தால்தான் அடுத்த படிப்பு. டிவர்டனில் இருந்த பிளண்டல்ஸ் பள்ளியிலிருந்து கேம்பிரிட்ஜின் டிரினிடி கல்லூரிக்குப் போனதும் ஸ்காலர்ஷிப்பில்தான். நம் ராமானுஜன் 1914இல் போய்ச் சேர்ந்த அதே டிரினிடி. ஹில் அதற்குச் சில வருடம் சீனியர்.

கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வான டிரைபாஸ் அந்தக் காலத்தில் என்ன மாதிரி மதிக்கப்பட்டது என்பதை இன்றைக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு ராங்ளர் என்று பெயர், ரேங்க் பட்டியலைப் பத்திரிகைகளில் போடுவார்கள். 1907இல் ஹில் மூன்றாவது ராங்ளர். அந்த ரேங்க் இருந்தால் வாழ்க்கை செட்டில் என்று அர்த்தம். அந்த நேரத்தில் அவருக்குக் கணக்கே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. கணக்கின் மேல் கோபம் இல்லை. தொட்டுப் பார்க்க முடிகிற ஒன்றில் அதை வைத்துப் பார்க்க ஆசை. டிரினிடியில் அவருக்கு ஆசிரியராக இருந்த வால்டர் மார்லி ஃப்ளெட்சர் தசைகளில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த உடலியங்கியல்காரர். அவர் தைரியம் கொடுக்க, ஹில் ஜூனியர் பையன்களோடு உட்கார்ந்து புதிதாகப் பயாலஜி படித்து 1909இல் அதிலும் முதல் வகுப்பு வாங்கினார்.

மெக்கானிக்கல் சேர்ந்துவிட்டு மூன்றாவது வருடம் மனசு வேறு பக்கம் போன யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஹில் பழைய படிப்பைத் தூக்கி எறியவில்லை. ஹீமோகுளோபின் எப்படி ஆக்சிஜனைப் பிடிக்கிறது என்பதற்கு 1910இல் ஒரு சமன்பாடு எழுதினார். முதலில் மெதுவாக, நடுவில் சட்டென்று ஏறி, கடைசியில் தட்டையாகும் எஸ் வடிவக் கோடு. ஹில் சமன்பாடு என்ற பெயரில் இன்றைக்கும் மருந்தியலில், பயோகெமிஸ்ட்ரியில், பயோடெக் பசங்களின் பாடத்தில் அது இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 24 கூட ஆகவில்லை.

அதே சமயத்தில் அவருடைய துறைத் தலைவர் லாங்லி வேறொரு வேலையைக் கையில் கொடுத்தார். தசை சுருங்கும்போது சூடாகிறது, அந்தச் சூட்டை அளந்து பார் என்று. கேட்க ஈஸி. தவளையின் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தசை ஒருமுறை துடித்தால் அதன் வெப்பநிலை சுமார் 0.003 டிகிரி உயரும். அதையும் ஒரு நொடிக்குள் எப்போது, எவ்வளவு என்று பிரித்து அளக்க வேண்டும். நம் லேபில் தெர்மோகப்பிளை வெந்நீரில் விட்டு ரீடிங் எடுக்கவே பாதி நேரம் தகராறு. ஹில் தெர்மோகப்பிள்களை வரிசையாகக் கோத்த தெர்மோபைலை உருவாக்கி, மின்னோட்டத்தை அளக்க நுட்பமான கால்வனாமீட்டரைப் பயன்படுத்தினார். கருவிகளைக் கற்றுக்கொள்வதற்காகவே ஒரு குளிர்காலம் ஜெர்மனி போய் இருந்துவிட்டு வந்தார்.

இங்கே நம்ம ஆள் ஒருத்தர் வருகிறார். வில்லியம் ஹார்ட்ரீ. கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் விரிவுரையாளராக இருந்து வேலையை விட்டவர். (குவாண்டம் கெமிஸ்ட்ரியில் ஹார்ட்ரீ–ஃபாக் என்று வரும் டக்ளஸ் ஹார்ட்ரீ இவருடைய மகன்.) ஹில்லும் இவரும் சேர்ந்துதான் அந்தச் சூட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். தசை சுருங்கும் கணத்தில் ஒரு சூடு, அதற்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. ஆக்சிஜனே இல்லாத இடத்தில் வைத்தாலும் அது வரும். பிறகு, எல்லாம் முடிந்து தசை சும்மா கிடக்கும்போது, நிமிடக் கணக்கில் மெதுவாக இன்னொரு சூடு. அதற்குத்தான் ஆக்சிஜன் வேண்டும். அளவில் முதல் சூட்டுக்கு ஏறக்குறையச் சமம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீங்க. இன்ஜின் என்றால் எரிபொருளும் காற்றும் சேர்ந்து எரியும், அப்போதே பிஸ்டன் நகரும். தசை அப்படி இல்லை என்று இந்த அளவீடு காட்டியது. அது முன்னாலேயே சார்ஜ் ஏற்றி வைத்த பேட்டரி மாதிரி. வேலையை முதலில் செய்துவிடுகிறது, மூச்சு வாங்குவது அப்புறம் திரும்ப சார்ஜ் ஏற்றுவதற்கு. நீங்கள் நூறு மீட்டர் ஓடி முடித்த பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குவதற்கான காரணம் தவளைத் தசையின் 0.003 டிகிரிக்குள் ஒளிந்திருந்தது. இதே தசையில் வேதியியல் பக்கத்திலிருந்து வேலை செய்தவர் ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹாஃப். 1922ஆம் வருடத்துக்கான மருத்துவ நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

நடுவில் முதல் உலகப்போர் வந்தது. விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கிகளின் குறி சரியாக இருக்கிறதா என்று கணக்குப் போடும் குழுவுக்கு ஹில் தலைமை தாங்கினார். ஆர்.ஹெச். ஃபௌலர், மில்னே, ஹார்ட்ரீ அப்பாவும் மகனும் என்று கணக்குப்புலிகள் சேர்ந்த கூட்டம் அது. 1920இல் மான்செஸ்டரில் பேராசிரியர் ஆனார்.

ஓட்டம் தொடங்கியது அங்கேதான்.

ஹில் இளவயதிலேயே ஓட்டக்காரர். ஒரு மைலை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கக்கூடியவர். தவளைத் தசையில் கண்டது மனிதனிடமும் நடக்குமா என்று பார்க்க நினைத்தபோது ஆளைத் தேடி வெளியே போகவில்லை. அவரும் ஹார்ட்லி லப்டன் என்ற இளைய ஆராய்ச்சியாளரும், அவர்களுடைய லேப்காரர்களுமே ஓடினார்கள். முறை இதுதான். டக்ளஸ் பை என்று, ஆக்ஸ்ஃபோர்டின் சி.ஜி. டக்ளஸ் கண்டுபிடித்த, காற்றுப் புகாத பெரிய பை ஒன்றை முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும். மூக்குக்கு கிளிப். வாயில் வால்வு வைத்த குழாய். மூச்சை இழுத்தால் வெளிக்காற்று வரும், விட்டால் பைக்குள் போகும். சீரான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குழாயைத் திருப்பிக் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் மூச்சைச் சேகரிக்க வேண்டும். பிறகு பையில் இருக்கும் காற்றின் அளவையும் அதில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் பார்த்தால் கணக்கு வந்துவிடும். ட்ரெட்மில் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை.

சும்மா இருக்கும்போது ஒரு மனிதனுக்கு நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் ஆக்சிஜன் போதும். ஹில் வேகத்தைக் கூட்டக் கூட்ட அது ஏறிக்கொண்டே போனது. நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் வந்ததும் நின்றுவிட்டது. வேகத்தை இன்னும் கூட்டினார், கால் ஓடுகிறது, ஆனால் ஆக்சிஜன் கணக்கு ஏறவில்லை. விஓ2 மேக்ஸ் என்று உங்கள் வாட்சில் வரும் எண்ணின் பின்னால் இருக்கும் கருத்து இந்தத் தட்டையான கோடுதான். அதற்கு மேல் இரத்தத்தைத் தள்ள இதயத்தால் முடியவில்லை, இடிக்கும் இடம் அங்கேதான் என்பது அவருடைய ஊகம். பெருமளவுக்கு இன்றைக்கும் அதையே ஏற்கிறார்கள். எல்லோரும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் அந்தக் கோடு உண்மையிலேயே தட்டையாகிறதா என்று கேள்வி கேட்டு, மூளைதான் உடம்பைக் கட்டுப்படுத்தி நிறுத்துகிறது என்று வாதாடினார். பெரிய சண்டை அது. வேடிக்கை என்னவென்றால், இதயம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதோ ஒரு கவர்னர் இருக்கலாம் என்ற யோசனையையும் ஹில்தான் முதலில் எழுதிவைத்திருந்தார். எதிர்க்கட்சிக்கும் அவரே தலைவர்.

ஆக்சிஜன் 4 லிட்டரில் நின்ற பிறகும் கால் வேகமாக ஓடுகிறதே, அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? கடன் என்றார் ஹில். ஆக்சிஜன் கடன். இப்போது செலவு செய்துவிட்டு, ஓடி முடித்த பிறகு மூச்சு வாங்கி வாங்கி அடைக்கிறோம். ஓட்டம் முடிந்த பிறகு சேகரித்த மூச்சிலிருந்து எவ்வளவு கூடுதல் ஆக்சிஜன் போயிருக்கிறது என்று கணக்கிட்டார். கடுமையாக ஓடியவர்களுக்கு அது பத்து லிட்டரையும் தாண்டியது. இவ்வளவு சுலபமாகப் புரிகிற உவமை அறிவியலில் அபூர்வம். அவர் மனைவி மார்கரெட், பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் தங்கை. மச்சான் வீட்டுப் பேச்சில் கடன், வட்டி எல்லாம் காதில் விழுந்திருக்குமோ என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆதாரம் எதுவும் கிடையாது, என் கற்பனைதான்.

1923இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கு மாறினார். இரண்டு வருடம் கழித்து விளையாட்டுச் சாதனைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்தார். ஓட்டம், நீச்சல் என்று உலக சாதனைகளை வரிசையாக வரைபடத்தில் போட்டார், ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் சராசரி வேகம். கோடு சட்டென்று இறங்கி அப்புறம் மெல்லத் தட்டையாகிறது. யாரும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லாத பரிசோதனை அது. உலகத்திலேயே சிறந்த ஆட்கள் உயிரைக் கொடுத்து ஓடி எடுத்த ரீடிங். அதை ஸ்போர்ட்ஸ் பக்கத்திலிருந்து சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியதே, அதுதான் மூளை. இன்று டேட்டா சயின்ஸ் ப்ராஜெக்டுக்கு ஐபிஎல் ஸ்கோரை எடுப்பவர்கள் இவருடைய பேரப்பிள்ளைகள்.

1927இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாற்றப் போனபோது நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நூறு மீட்டர் ஓடுகிறவன் முதல் பத்து மீட்டரில் என்ன வேகம், அடுத்த பத்தில் என்ன வேகம்? கையில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது. ஹில், காந்தமாக்கிய இரும்புத் துண்டை ஓட்டக்காரரின் உடம்பில் கட்டிவிட்டார். ரம்பத்தின் பிளேடு அதற்குப் போதும். ஓட்டப்பாதையின் ஓரத்தில் குறிப்பிட்ட தூரங்களில் கம்பிச் சுருள்கள். காந்தம் சுருளைத் தாண்டும்போது மின்னோட்டம் பிறக்கும், கால்வனாமீட்டர் துடிக்கும், ஓடிக்கொண்டிருக்கும் ஃபோட்டோ தாளில் ஒரு குத்து விழும். பிளஸ் டூ ஃபிஸிக்ஸில் படித்த ஃபாரடே விதி, அவ்வளவுதான். இன்றைய டைமிங் கேட்களுக்கு அது தாத்தா.

கிடைத்த வரைபடத்தைப் பார்த்தால் எலக்ட்ரிகல் பசங்க உடனே சிரிப்பீங்க. கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் அதே கோடு! வேகம் முதலில் விறுவிறுவென்று ஏறி, பிறகு ஒரு உச்சத்தை நோக்கி மெல்ல நெருங்குகிறது. ஹில்லும் ஜப்பானிலிருந்து வந்த ஃபுருசாவாவும் பார்கின்சனும் அதற்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். நிலையான ஒரு தள்ளுவிசை, அதற்கு எதிராக வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும் ஒரு தடை. இரண்டும் சமமாகும்போது உச்ச வேகம். பார்கின்சன் ஹில்லின் லேப் உதவியாளர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராயல் சொசைட்டி வெளியிட்ட கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியராக இருக்கிறது.

சமன்பாடு பொருந்தியது. விளக்கம் தவறு.

அந்தத் தடை எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிரச்னை. தசைக்குள் இருக்கும் பாகுத்தன்மை, அதாவது விஸ்காசிட்டி, என்று ஹில் நம்பினார். தேனில் ஸ்பூனை வேகமாகக் கிளறினால் கஷ்டப்படுகிற மாதிரி. அப்படியென்றால், தசை வேகமாகச் சுருங்கினாலும் மெதுவாகச் சுருங்கினாலும் உள்ளே செலவாகும் மொத்தச் சக்தி முன்னாலேயே முடிவானது, பாகு எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் வேலை. ஆனால் வாலஸ் ஃபென் என்ற அமெரிக்க இளைஞர், ஹில்லின் ஆய்வகத்திலேயே, ஹில்லின் கருவிகளை வைத்தே, வேறு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். தசை எடையைத் தூக்கி வேலை செய்தால் கூடுதல் சக்தியை வெளியிடுகிறது. சுமைக்கு ஏற்ப செலவை மாற்றிக்கொள்கிறது. பாகு மாதிரிக்கு அங்கேயே அடி விழுந்துவிட்டது. ஃபென் இதை வெளியிட்டது 1923, 1924இல். அதற்குப் பிறகும் 1927இல் ஹில் பாகைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். 1935இல் ஃபென் தசையின் விசைக்கும் வேகத்துக்குமான கோட்டையும் வரைந்து காட்டினார்.

நோபல் வாங்கிய குருநாதர், தன் லேபுக்கு வந்து போன ஒரு பையன் சொல்வதை ஏற்க எத்தனை வருடம் எடுத்துக்கொண்டார் பாருங்க. இதை மறைத்து எழுதும் வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏனென்றால் இதற்கு அடுத்து நடந்ததுதான் அவருடைய உச்சம். இன்னும் வேகமான தெர்மோபைல் ஒன்றைச் செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தார். 1938இல், தன் ஐம்பதுகளில், பழைய நம்பிக்கையைக் கைவிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் வந்த சமன்பாடு, விசையோடு ஒரு மாறிலியைக் கூட்டி, வேகத்தோடு இன்னொரு மாறிலியைக் கூட்டி, இரண்டையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண். வரைந்தால் ஹைப்பர்போலா. சுமை கூடினால் வேகம் குறையும், ஆனால் நேர்கோடாக அல்ல.

சைக்கிளில் ஏற்றத்தில் கியரை மாற்றுகிறீர்களே, எதற்கு? அந்தக் கோட்டின்படி தசை அதிக பவர் தருவது அதன் உச்ச வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில். ரொம்ப மெதுவாக மிதித்தாலும் நஷ்டம், ரொம்ப வேகமாக மிதித்தாலும் நஷ்டம். கியர் உங்களை நடுவில் அந்த இடத்தில் உட்கார வைக்கிறது. சுருங்கும் பகுதி ஒன்று, அதோடு வரிசையில் ஒரு ஸ்ப்ரிங், பக்கத்தில் இணையாக இன்னொரு ஸ்ப்ரிங் என்று அமைந்த தசை மாதிரிக்கு ஹில் மாடல் என்று பெயர். ஓபன்சிம் மென்பொருளில் நடையை சிமுலேட் பண்ணும்போதும், செயற்கைக் கால், எக்ஸோஸ்கெலட்டன் வடிவமைக்கும்போதும் உள்ளே ஓடுவது இந்த வகை மாடல்தான்.

லாக்டிக் அமிலம் விஷயத்திலும் அவர் அடி வாங்கினார். தசை சுருங்க லாக்டிக் அமிலம்தான் காரணம் என்பது ஹில், மேயர்ஹாஃப் காலத்துப் படம். 1930இல் டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி நச்சு கொடுத்த தசையும் சுருங்குகிறது என்று காட்டினார். நோபல் பரிசுக் கதையின் பாதி ஆட்டம் கண்டது. இந்த முறை ஹில் பத்து வருடம் எடுத்துக்கொள்ளவில்லை. தசை ஆராய்ச்சியில் புரட்சி நடந்துவிட்டது என்று அவரே 1932இல் தலைப்பு வைத்து எழுதினார். ஆனாலும் நம் கிரவுண்டில் இன்னும், லெக் டே முடிந்த மறுநாள் கால் வலித்தால் லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு என்றுதான் சொல்கிறார்கள். அது ஓட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் வலிப்பது தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால். ஆக்சிஜன் கடன் என்ற சொல்லையும் இப்போது பாடப்புத்தகங்கள் ஜாக்கிரதையாகத்தான் பயன்படுத்துகின்றன. ஓட்டத்துக்குப் பின் கூடுதலாகப் போகும் ஆக்சிஜன் எல்லாமே கடனை அடைக்கப் போவதில்லை; உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, ஹார்மோன்கள் எல்லாம் அதில் பங்கு கேட்கின்றன.

இதெல்லாம் எதற்கு உபயோகம் என்று அந்தக் காலத்திலும் கேட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஒரு விரிவுரை முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து அதைத்தான் கேட்டார். ஹில் முதலில் தொழிற்சாலை, மருத்துவம் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். பெரியவர் சமாதானமாகவில்லை. கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார், உபயோகம் என்பதற்காக இதைச் செய்யவில்லை, இது ஜாலியாக இருக்கிறது, அதனால் செய்கிறோம் என்று. ப்ராஜெக்ட் வைவாவில் இதை முயற்சி பண்ணாதீங்க.

ஜாலிப் பேர்வழி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூதப் பேராசிரியர்களை வேலையிலிருந்து துரத்தியபோது, அவர்களுக்கு இடம் தேடித் தர பிரிட்டனில் ஓர் அமைப்பு உருவானது. ரூதர்ஃபோர்டு தலைவர், உருவாக்கியவர்களில் ஹில்லும் ஒருவர். பேரோடு நின்றுவிடவில்லை. வெளிப்படையாக நாஜிகளைக் கண்டித்துப் பேசினார், அது நேச்சர் இதழில் வந்தது. நோபல் வாங்கிய ஜெர்மானிய இயற்பியலாளர் யோஹானஸ் ஸ்டார்க் ஹிட்லருக்கு வக்காலத்து வாங்கி அதே இதழில் பதில் எழுத, ஹில் விடவில்லை. லைப்சிக்கிலிருந்து 1935இல் பெர்னார்ட் காட்ஸ் என்ற இளைஞர் நாடில்லாதவராக வந்து ஹில்லின் கதவைத் தட்டினார். ஹில் அவரைத் தன் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார். ஆய்வகத்தில் சல்யூட் அடிக்கும் ஒரு ஹிட்லர் பொம்மை இருந்ததாகச் சொல்வார்கள். அதைப் பார்த்துத் திகைத்துப்போன அகதிகளிடம், இவ்வளவு நல்ல ஆட்களை எனக்கு அனுப்பி வைத்தவருக்கு நன்றிக்காக வைத்திருக்கிறேன் என்பாராம் ஹில். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி எப்படிப் போகிறது என்று கண்டறிந்ததற்காக 1970இல் காட்ஸுக்கும் நோபல் கிடைத்தது.

ரேடாருக்கு வழி திறந்த டிசார்ட் குழுவில் உறுப்பினர், 1940 முதல் 1945 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் என்று அவருடைய பட்டியல் நீளும். நமக்கு முக்கியமானது வேறு. 1943 கடைசியில், வங்கப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில், இந்திய அரசின் அழைப்பில் ஹில் இங்கே வந்தார். சில மாதங்கள் நாடு முழுக்கச் சுற்றி, இந்தியாவில் அறிவியல் ஆராய்ச்சி எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு அறிக்கை கொடுத்தார். நாடு முழுமைக்கும் பொதுவாக ஒரு உயர்தர மருத்துவ மையம் வேண்டும், அங்கே ஆசிரியர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் உருவாக்க வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியமான பரிந்துரை. போர் குழுவும் 1946இல் அதே திசையில் சொன்னது. 1956இல் டெல்லியில் எய்ம்ஸ் வந்தது. ஓட்டப்பந்தயத்துக்கு ஈக்வேஷன் எழுதினவருக்கும் எய்ம்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்க.

விளையாட்டை ஒரு பாடமாகப் பல்கலைக்கழகத்தில் படிப்பது என்றால் ஹில் காலத்தில் சிரித்திருப்பார்கள். விளையாட்டு ஆசிரியர் பயிற்சி இருந்தது, அது வேறு. தசையின் வேதியியல், மூட்டுகளின் மெக்கானிக்ஸ், இதயத்தின் பம்ப் கணக்கு, மனசு, புள்ளியியல் எல்லாம் ஒரே மாணவன் தலையில் ஏறும் படிப்பு பின்னால்தான் வந்தது. அதில் சேர்கிறவர்கள் மேட்ச் பார்த்துக்கொண்டு டிகிரி வாங்கலாம் என்று வந்து, முதல் பயோமெக்கானிக்ஸ் வகுப்பில் டார்க், இன்டெக்ரேஷன் எல்லாம் பார்த்து முழிப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். நம் சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் உடற்பயிற்சி உடலியங்கியலும் பயோமெக்கானிக்ஸும் பாடம்தான். கணக்கும் எலக்ட்ரானிக்ஸும் தெரிந்த ஆட்களுக்கு அந்தத் துறையில் வேலை காத்துக் கிடக்கிறது. ஃபோர்ஸ் பிளேட், மோஷன் கேப்சர், உடம்பில் ஒட்டும் சென்சார் எல்லாமே நம் லேப் சரக்கு. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஃப்ளெட்சர் மாதிரி ஒரு ஆசிரியரைத் தேடிப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

ஹில் 1950களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். பதவியிலிருந்து மட்டும்தான். அதற்குப் பிறகும் தசையோடும் தெர்மோபைலோடும் உட்கார்ந்துகொண்டிருந்தார். 1970இல், 84 வயதை நெருங்கும்போது, தசை இயக்கவியலில் தன் முதல் பரிசோதனைகளையும் கடைசிப் பரிசோதனைகளையும் சேர்த்து ஒரு புத்தகம் போட்டார். 1975இல் லிவர்பூல் பாலிடெக்னிக்கில் ஸ்போர்ட்ஸ் சயின்ஸில் பட்டப்படிப்பு தொடங்கியபோது அவருக்கு 88 வயது. முதல் பேட்ச் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1977 ஜூன் 3 அன்று, கேம்பிரிட்ஜில் இறந்தார்.